பேட்டரி கார் இறக்கத்துல இறங்கும்போது பிரேக் பிடிக்கறது யாரு?

வணக்கம் மக்களே. முதல்ல என் கையில இருக்கற இந்தக் குட்டி மோட்டாரைப் பாருங்க. பொம்மை வண்டியிலேர்ந்து கழட்டினது. ரெண்டு வயரும் தனித்தனியா தொங்குது. இப்ப பல்சக்கரத்தை விரலால சுண்டி விடறேன்... லேசா சுத்துது பாருங்க. இப்ப ரெண்டு வயர் முனையையும் சேர்த்து முறுக்கிட்டேன். திரும்ப சுண்டறேன். பார்த்தீங்களா, உடனே நின்னுடுச்சு! மெதுவா திருப்பினா விடுது, வேகமா திருப்பினா எதிர்க்குது. உள்ள பிரேக் கட்டை எதுவும் இல்ல. காந்தத்துக்கு நடுவுல சுருள் சுத்தினாலே மோட்டார் ஜெனரேட்டர் ஆயிடும். கரண்ட் ஓட வழி கிடைச்சுட்டா அந்தக் கரண்டே சுத்தறதைப் பிடிச்சு இழுக்கும். இந்த இறுக்கத்தை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

முதல்ல வேகத்தை எப்படிக் கூட்டிக் குறைக்கறாங்கன்னு பார்ப்போம். பழைய பேட்டரி கார்கள்ல தடிமனான கம்பிச்சுருள் வச்சிருப்பாங்க. மெதுவா போகணும்னா பேட்டரி கரண்ட் அந்தச் சுருள் வழியா சுத்திப் போகும், மிச்ச சக்தியெல்லாம் சூடா வெளியே போயிடும். மெதுவா போறதுக்காக பேட்டரியை எரிக்கற ஏற்பாடு அது.

இப்ப அந்த வேலையை கன்ட்ரோலர் செய்யுது. உள்ள மாஸ்ஃபெட்னு சின்னச் சின்ன எலெக்ட்ரானிக் ஸ்விட்சுகள். அதுங்களுக்கு முழுசா ஆன், முழுசா ஆஃப், ரெண்டே நிலைதான். ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகும். பாதி நேரம் ஆன்ல இருந்தா 48 வோல்ட் பேட்டரியிலேர்ந்து மோட்டாருக்கு சராசரியா 24 வோல்ட் போகும். வண்டி ஏன் குதிக்கலன்னா, ராட்டினத்தை விட்டு விட்டுத் தள்ளினாலும் அது விட்டு விட்டா சுத்தறதில்லையே, அந்த மாதிரிதான். நீங்க மிதிக்கற ஆக்சிலரேட்டர்ல மோட்டார் கரண்ட் ஓடறதே இல்ல. "இவ்வளவு வேணும்"னு கன்ட்ரோலருக்கு ஒரு சின்ன வோல்டேஜ் சொல்லுது, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதோ. பேட்டரி வயர்ல ஒரு கிளாம்ப் மீட்டர், அதாவது வயரைக் கவ்விக்கிட்டு கரண்டை அளக்கற மீட்டர், மோட்டார் வயர்ல ஒண்ணு மாட்டியிருக்கேன். மேட்டுல மெதுவா ஏத்தறேன். பேட்டரி பக்கம் 40 ஆம்பியர். மோட்டார் பக்கம்... 115! கூடுதல் கரண்ட் எங்கேர்ந்து வந்துச்சு? ஸ்விட்ச் ஆஃப் ஆனாலும் சுருள்ல ஓடற கரண்ட் சட்டுனு நிக்காது. பேட்டரியைத் தொடாம பக்கத்து வழியில சுத்தி வந்துட்டே இருக்கும். மோட்டாருக்கு வோல்ட் கம்மி, ஆம்பியர் அதிகம். பெருக்கிப் பார்த்தா கணக்கு சரியா வரும். மேட்டுல இழுவை கிடைக்கறது இதனாலதான்.

இப்ப இறக்கம். கால எடுத்துட்டேன். மோட்டார் ஜெனரேட்டர் ஆயிடுச்சு, ஆனா அது தர்றது ஒரு 20 வோல்ட்னு வைங்க. பேட்டரியோ 48. தண்ணி மேட்டுக்குத் தானா ஏறுமா? ஏறாது. அதனால கன்ட்ரோலர் மோட்டாரோட ரெண்டு முனையையும் ஒரு கணம் ஒண்ணா சேர்க்குது. முதல்ல நான் வயரை முறுக்கினேனே, அதேதான். சுருள்ல கரண்ட் ஏறும். உடனே ஸ்விட்சை ஆஃப் பண்ணும். நிக்க மறுக்கற அந்தக் கரண்ட், வோல்டேஜை 48-க்கு மேல எழுப்பிப் பேட்டரிக்குள்ள போயிடும். மீட்டரைப் பாருங்க, மைனஸ் காட்டுது. தனி மெஷின் எதுவும் வேணாம், அதே ஸ்விட்சுகள் போதும். ஆனா பழைய சீரிஸ் மோட்டார்ல, அதாவது காந்தத்தை உண்டாக்கற ஃபீல்டு சுருளும் சுத்தற சுருளும் ஒரே வரிசையில இருக்கற மோட்டார்ல, இது சுலபத்துல நடக்காது. ஃபீல்டைத் தனியா கட்டுப்படுத்தற மோட்டார், ஏசி மோட்டார், பிரஷ் இல்லாத பிஎல்டிசி மோட்டார்ல நல்லாவே நடக்கும்.

"இதனால எத்தனை கிலோமீட்டர் கூடும்"னுதான் எல்லாரும் கேக்கறீங்க. கணக்கு போடலாம். ஆளோட சேர்த்து 600 கிலோ வண்டி, 20 கிலோமீட்டர் வேகம். அதுல இருக்கற மொத்த இயக்க சக்தி சுமார் 2.5 வாட்-அவர்தான். 48 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில இருக்கறதோ 7200. ஒரு தடவை நிக்கும்போது அந்த 2.5-ம் முழுசா திரும்பாது. அதே வண்டி 20 மீட்டர் உயரத்துலேர்ந்து இறங்கினா சுமார் 33 வாட்-அவர். அங்கதான் கொஞ்சம் பலன். என்னைக் கேட்டா, இது சார்ஜுக்கான வசதி இல்ல. இறக்கத்துல வேகத்தைப் பிடிச்சு வைக்கற வசதி.

அந்தப் பிடியை ஒரு தடவை நான் இழந்திருக்கேன். லித்தியம் பேட்டரி, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 ஆக்கிட்டு, காலையில எடுத்ததும் நேரா இறக்கம். பாதி வழியில பிடி அப்படியே விட்டுப் போச்சு. வண்டி வேகமெடுக்குது. கால் பிரேக்கை அழுத்தி நிறுத்தறதுக்குள்ள கை நடுங்கிடுச்சு. நிறைஞ்ச பேட்டரிக்கு இன்னும் கரண்டைத் திணிக்க முடியாது. வோல்டேஜ் எகிறும், அதனால கன்ட்ரோலர் விட்டுடும். உறையற குளிர்லயும் லித்தியம் சார்ஜ் ஏத்துக்கக் கூடாது, அப்பவும் இதே கதைதான்.

அதனால இறக்கத்தோட உச்சியிலேர்ந்து கிளம்பறவங்க 90-லயே சார்ஜை நிறுத்துங்க. கால் பிரேக்கைக் கழட்டி சுத்தம் பண்ணுங்க. மோட்டாரே பிடிச்சுக்கிட்டிருந்தா, பிரேக் ஷூ வேலையே இல்லாம துருப்பிடிச்சுக் கிடக்கும், நமக்குத் தெரியாது. வேகம் நாலஞ்சு கிலோமீட்டருக்குக் குறைஞ்சதும் மோட்டார் பிடி எப்படியும் மெலிஞ்சுடும், அங்க கால் பிரேக்தான்.

இன்னொண்ணு, வண்டி நின்னு போய் கயிறு கட்டி இழுக்கறீங்கன்னா, டோ-ரன் ஸ்விட்ச் (டோன்னா இழுக்கறது, ரன்னா ஓட்டறது) இருக்கற வண்டியா இருந்தா அதை டோ-ல போட்டுட்டுதான் இழுக்கணும். பல வண்டியில சீட்டுக்கு அடியில இருக்கும். ரன்-லயே விட்டு இழுத்தா மோட்டார் கரண்ட் தயாரிக்க ஆரம்பிச்சுடும், கன்ட்ரோலர் எரிஞ்சு போகக்கூட வாய்ப்பிருக்கு. இதோ, என் வண்டியில இந்த ஸ்விட்ச். சீட்டைத் தூக்கினா இடது பக்கம்.