கோடு போட்ட பாட்டில்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நான் பேச வேண்டியதில் பாதியை வரவேற்புரையிலேயே சொல்லி முடித்துவிட்ட செயலாளர் அம்மா அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மருத்துவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, கதவோரமாகவே உட்கார்ந்திருக்கும் என் சொந்தங்களே, வணக்கம்.

குடிநோயாளியின் மனம் போடும் மூன்று வேஷங்களைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள்: மறுப்பு, சாக்கு, பழிபோடுதல். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். மூன்றும் அந்தப் பூனை போட்ட குட்டிகள்தான்.

முதலில் மறுப்பு. என் தாய்மாமா பாட்டிலில் அத்தை பென்சிலால் கோடு போட்டு வைப்பார். மாமா குடித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கோட்டைத் தொட வைத்துவிடுவார். நாலாம் நாள் பாட்டிலில் இருந்தது வெளுத்துப்போன தண்ணீர். "கோடு அப்படியே இருக்குது பார், நான் தொடவே இல்லை" என்று சத்தியம் செய்தார். அத்தை பேசாமல் ஒரு மூடி ஊற்றிக் குடித்துக் காட்டினார். மாமா அசரவில்லை. "நீ சந்தேகப்பட்டுக் கோடு போட்டாய், அந்த வருத்தத்தில்தான் குடித்தேன்!" சரி, மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. மற்ற இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாமா பொய்யரா? உளவியல் அறிஞர் அன்னா பிராய்ட் 1936-இலேயே மனதின் தற்காப்புகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். உண்மையைத் தாங்க முடியாத மனம் முதலில் தன்னைத்தான் ஏமாற்றும். 'ஆமாம், என்னால் நிறுத்த முடியவில்லை' என்று ஒப்புக்கொண்டால், காலையில் நடுங்கும் கையை என்ன செய்வது? அதற்குப் பதில் இல்லாதவரை பூனை கண்ணைத் திறக்காது. அடித்துக் கேட்டால் இன்னும் இறுக்கி மூடும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் சொன்னது அதுதான்: மறுப்பு குடிப்பவரின் குணம் மட்டுமல்ல, நாம் கேட்கிற விதத்திலும் பிறக்கிறது.

அப்புறம் இன்னொரு பூனை. மறுநாள் காலை ஆபீசுக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று சொன்னது யார்? அத்தைதான்! கோபத்தில் ஒருநாள் பாட்டிலையே ஒளித்தும் வைத்தார். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் துணை வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாமாவுக்குச் சிகிச்சை நடந்தபோது அத்தைக்குக் கிடைத்தது வராந்தாவில் ஒரு நாற்காலி.

அதனால்தான் மேடைக்கு மேடை கேட்கிறேன். போதை மீட்பு மையம் ஒவ்வொன்றிலும், நோயாளியைச் சேர்க்கும் அன்றே குடும்பத்தாருக்கும் தனி ஆலோசனை தொடங்க வேண்டும். மனு வாசல் மேஜையில் இருக்கிறது. மருத்துவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தரவேண்டும்.