கல் இல்லாத ஊரில் கல்லைப் பற்றி

நேயர்களுக்கு வணக்கம். தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்து வயல்களில் மண்வெட்டியை எங்கே போட்டாலும் கல் தட்டுப்படுவது அரிது. அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூர்ச் சரக்கு. 1010இல் பெரிய கோயிலைக் கட்டி முடித்த இராசராசனே கருங்கல்லை வெளியிலிருந்துதான் கொண்டுவந்தான். 'நம் ஊரில் ஏது கல்?' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. இருக்கிறது ஐயா, உதிர்ந்து கிடக்கிறது.

திருவையாற்றில் ஆற்றுக்குள் இறங்கி ஒரு பிடி மணலை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். வெளிறிய, கண்ணாடிச் சில்லு போன்ற மணிகள் குவார்ட்ஸ். வெயிலில் மினுக்கும் செதில் மைக்கா. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். இவற்றோடு ஒரே பாறையில் ஒட்டியிருந்தது ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். அதில் கொஞ்சம் மணலோடு தங்கிவிட்டது. மீதி மழைநீரில் ஊறி ஊறிக் களிமண்ணாகிவிட்டது. நடவு வயலில் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும் சேற்றில் அதுவும் உண்டு.

மணலில் கறுப்பாக வரி ஓடும் இடத்தில் தேடினால் சிவந்த கார்னெட் துகளும் அகப்படும். பூமியின் ஆழத்தில், அழுத்தத்திலும் சூட்டிலும் பாறை உருகாமலேயே உருமாறும்போது விளைவது அது. அப்படி உருமாறிய பாறைதான் நீலகிரி முழுதும். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சார்னகைட் என்பார்கள். பெயர் வந்த கதையைச் சொல்லாமல் எனக்கு மேலே போக வராது. 1693இல் கல்கத்தாவில் இறந்த கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல் போயிற்று. இருநூறு ஆண்டு கழித்துத் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து, சமாதிக்குள் இருந்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். கல் நம்முடையது, பெயர் அவருடையது!

பாடப்புத்தகத்தில் பாறைச் சுழற்சி என்று, உருகி, ஆறி, உதிர்ந்து, படிந்து, உருமாறி, மறுபடி உருகுவதாக வட்டம் போட்டு அம்புக்குறி வைத்திருப்பார்கள். வானொலியில் படம் காட்ட முடியாதது ஒருவகையில் நல்லது. கல் அந்த வரிசைக்குக் கட்டுப்படுவதில்லை. உருமாறிய நீலகிரிப் பாறை உருகவே இல்லை. நேரே உயர்ந்து, உதிர்ந்து, பவானி வழியாகக் காவிரிக்கு வந்துவிடுகிறது.

உதிர்ந்தது மீண்டும் இறுகவும் செய்யும். நம் காலடியில் சில கிலோமீட்டர் கனத்துக்குப் படிவுகள். நரிமணத்து எண்ணெய்க் கிணறுகள் இறங்கியது அவற்றுக்குள்தான். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரில் பழைய கடலடிச் சேறும் சிப்பியும் சுண்ணாம்புக்கல்லாகி இப்போது சிமெண்ட் ஆலைக்குப் போகின்றன.

பாறை உருகுவதைப் பற்றித்தான் நிறையக் குறித்து வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கையைக் காட்டுகிறார். ஒரே வரி: ஆழத்தில் உருகியது அங்கேயே மெல்ல ஆறினால் கிரானைட் போன்ற கல், மேலே வழிந்து சட்டென ஆறினால் பசால்ட் போன்ற கல். நன்றி, வணக்கம்.