தோல் படகு அமெரிக்கா வரை போனதா?

வணக்கம். காற்று பலமாக வீசுகிறது, அதனால் மைக்கை வாய்க்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு பேசுகிறேன். நான் நிற்பது அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி கவுண்டியின் டிங்கிள் தீபகற்பம். எனக்குப் பின்னால் மேகத்தில் பாதி மறைந்திருப்பது பிராண்டன் மலை, 952 மீட்டர். இப்போது கேமராவைக் கீழே திருப்புகிறேன். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் ஒரு சந்து மாதிரி நுழைந்து வருகிறது, தெரிகிறதா? இதுதான் பிராண்டன் க்ரீக். ஆறாம் நூற்றாண்டில் பிரெண்டன் என்ற துறவி இங்கிருந்துதான் கடலில் இறங்கினார் என்று இந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஐரிஷ் நண்பர் ஒருவர், பிரெண்டன் அமெரிக்காவரை போய் வந்தவர் என்று உறுதியாக நம்புகிறார். கொலம்பஸுக்கு 900 வருடம் முன்னால்! மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். கடைசியில் அவர், "முதலில் அந்த இடத்தைப் போய்ப் பார், அப்புறம் பேசு" என்றார். சரி, வந்துவிட்டேன்.

கதை இருப்பது 'நவிகாசியோ' என்ற லத்தீன் நூலில். பிரெண்டன் இறந்து இருநூறு வருடமாவது கழிந்த பிறகு எழுதப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன என்றால், இடைக்கால ஐரோப்பா அதை எவ்வளவு விரும்பிப் படித்திருக்கும் என்று பாருங்கள். பிரெண்டனும் சீடர்களும் ஏழு வருடம் கடலில் அலைகிறார்கள். பெரிய பெரிய ஆடுகள் மேயும் தீவு ஒன்று. வெண்பறவைகள் நிறைந்த தீவு ஒன்று. கொல்லர்கள் கொதிக்கும் கசடை அள்ளிக் கடலில் வீசும் தீவு ஒன்று. நடுக்கடலில் வானம் தொடும் படிகத் தூண். கடைசியில், பனிமூட்டத்தைத் தாண்டி, புனிதர்களுக்கு வாக்களிக்கப்பட்ட நாடு.

ஆட்டுத் தீவு என்றதும் ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே உள்ள ஃபரோ தீவுகள் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெயருக்கே ஆட்டுத் தீவுகள் என்றுதான் பெரும்பாலானோர் பொருள் சொல்கிறார்கள். கொல்லர் தீவு ஐஸ்லாந்தின் எரிமலையாக இருக்கலாம், படிகத் தூண் மிதக்கும் பனிமலையாக இருக்கலாம். "அப்படியானால் கடைசி நாடு அமெரிக்காதானே?" என்பது நண்பரின் வாதம்.

படகைப் பற்றி அந்த நூல் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மரச்சட்டம் கட்டி, ஓக் பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலை அதன்மேல் போர்த்தி, தோல்கள் சேரும் இடங்களில் கொழுப்பு பூசுகிறார்கள். இன்னும் இரண்டு படகுக்கு வேண்டிய தோலையும் கையோடு எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கடலை அறிந்தவன்தான் எழுதியிருக்க முடியும். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். கூடை மாதிரி ஒரு சட்டம், அதன்மேல் ஒரு தோல். ஆனால் இவர்களுடையது நீளமாக, பாய்மரத்தோடு இருக்கும். இங்கே கெர்ரியில் இன்றும் அதே வம்சத்துப் படகு ஓடுகிறது. 'நேவோக்' என்கிறார்கள். தோலுக்குப் பதில் தார் பூசிய கித்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் படகு அட்லாண்டிக்கைத் தாங்குமா? இதற்குப் பதில் சொல்ல ஒருவர் தன் உயிரையே பணயம் வைத்தார். டிம் செவெரின் என்ற பிரிட்டிஷ் பயணி, எழுத்தாளர். நூலில் சொன்ன மாதிரியே ஒரு படகைக் கட்டினார். 36 அடி நீளம், ஆஷ் மரச்சட்டம், 49 மாட்டுத்தோல், எல்லாம் கையால் தைத்தது. தோல் ஊறிப்போகாமல் இருக்க ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. 1976 மே மாதம் இதோ இந்தச் சந்திலிருந்துதான் கிளம்பினார். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகள், ஃபரோ, ஐஸ்லாந்து. குளிர்காலம் முழுக்கப் படகை ஐஸ்லாந்தில் நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் மறுபடி பயணம். கிரீன்லாந்துக்கு அப்பால் பனிக்கட்டிகளுக்கு நடுவே மாட்டி, ஒரு கட்டி தோலைக் கிழித்துவிட்டது. தண்ணீர் உள்ளே ஏறுகிறது. மரப் பலகையோ இரும்போ உடைந்தால் நடுக்கடலில் என்ன செய்வது? தோல் என்பதால், உறைய வைக்கும் தண்ணீரில் கையைவிட்டு ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள்! 1977 ஜூன் 26 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கரை சேர்ந்தார்கள். பழையகாலத்துப் படகுகள் பலவீனமானவை என்ற நம் எண்ணத்தை அந்த ஒரு ஒட்டு மாற்றிவிடுகிறது.

ஆகவே, முடியுமா என்ற கேள்விக்கு 'முடியும்' என்பதுதான் என் பதிலும். இங்கிருந்து நேராக மேற்கே போவது கடினம், அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று பெரும்பாலும் வீசும். வடக்கே ஏறி, தீவு தீவாகத் தாவிப் போகலாம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாண்டிலிருந்து ஃபரோ சுமார் 300 கிலோமீட்டர், அங்கிருந்து ஐஸ்லாந்து 400க்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் முடியும் என்பது வேறு, போனார்கள் என்பது வேறு. செவெரின் நிரூபித்தது முதலாவதை மட்டும்தான்.

உண்மையிலேயே எதுவரை போனார்கள்? இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. 825இல் டிகுயில் என்ற ஐரிஷ் துறவி உலகின் அளவுகள் பற்றி ஒரு நூல் எழுதினார். 30 வருடத்துக்கு முன், துலே என்ற வடக்குத் தீவில் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஆகஸ்ட் முதல் தேதிவரை தங்கிவந்த துறவிகள் தன்னிடம் சொன்னதை அதில் எழுதிவைத்திருக்கிறார். கோடையின் உச்சியில் சூரியன் ஒரு சின்னக் குன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது போலத்தான் மறையுமாம். இருட்டே வராதாம். நள்ளிரவில் சட்டையிலிருக்கும் பேனைக்கூடப் பார்த்து எடுக்கலாமாம்! இப்படியொரு விவரத்தை யாரும் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்ய மாட்டார்கள். அது ஐஸ்லாந்துதான். நார்வேப் பக்கத்துக் கடலோடிகளான வைக்கிங்குகள் அங்கே குடியேறுவதற்குச் சுமார் 80 வருடம் முந்தைய செய்தி இது.

பிரிட்டனுக்கு வடக்கே வேறு சில தீவுகளில் ஐரிஷ் துறவிகள் ஏறக்குறைய நூறு வருடம் வாழ்ந்ததாகவும், வடக்கத்திக் கொள்ளைக்காரர்களால் விட்டுப்போனதாகவும், இப்போது அங்கே ஆடுகளும் கடற்பறவைகளும்தான் இருப்பதாகவும் டிகுயில் சொல்கிறார். ஃபரோவாகத்தான் இருக்க வேண்டும். 2021இல் வெளியான ஆய்வில், அங்கே ஒரு ஏரியின் அடிச்சேற்றில் கி.பி. 500ஐ ஒட்டிய காலத்து ஆட்டின் டிஎன்ஏ கிடைத்தது. ஆடு நீந்தி வந்திருக்காது, யாரோ படகில் ஏற்றி வந்திருக்கிறார்கள். அது யார் என்று சேறு சொல்லாது. ஆனால் டிகுயிலின் வரிகளை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நண்பர் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ஐஸ்லாந்தில் அந்தத் துறவிகளின் பொருள் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லையே, அதை மட்டும் எப்படி நம்புகிறாய்?" நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். என் பதில் இதுதான். அங்கே சாட்சி இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. அயர்லாந்திலிருந்து டிகுயில். ஐஸ்லாந்திலிருந்து, 12ஆம் நூற்றாண்டில் ஆரி என்ற வரலாற்றாசிரியர். நார்வேக்காரர்கள் வந்தபோது 'பாபர்' என்ற கிறிஸ்தவர்கள் அங்கே இருந்தார்கள், ஐரிஷ் புத்தகங்களையும் மணிகளையும் கோல்களையும் விட்டுவிட்டுப் போனார்கள் என்று அவர் எழுதுகிறார். அவர்கள் பெயரிலேயே பாபே என்று இன்றும் அங்கே ஒரு தீவு இருக்கிறது.

அமெரிக்காவுக்கு அப்படி எதுவும் இல்லை. வைக்கிங்குகள் போனதற்கு நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் அவர்கள் குடியிருந்த தடயமே இருக்கிறது. அங்கே வெட்டப்பட்ட மரம் 1021ஆம் வருடத்தது என்று துல்லியமாகவே கணக்கிட்டுவிட்டார்கள். ஐரிஷ்காரர்களுக்கு ஒரு மணிகூட இல்லை. ஐஸ்லாந்து நூல்களில் வரும் 'பெரிய அயர்லாந்து' என்ற நாட்டை நண்பர் காட்டினார். அயர்லாந்திலிருந்து மேற்கே ஆறு நாள் பயணமாம். ஆறு நாளில் இங்கிருந்து மேற்கே போனால் வெறும் கடல்தான்.

நவிகாசியோவின் கடைசி நாட்டையும் நிதானமாகப் படித்தேன். ஆடும் எரிமலையும் பனிமலையும் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கின்றன. அந்த நாட்டில் மட்டும் இரவே கிடையாது, எல்லா மரத்திலும் பழம், எடுத்துவரக் கைநிறைய ரத்தினக்கற்கள். அது ஒரு துறவி மனதில் வைத்திருந்த சொர்க்கம். நியூஃபவுண்ட்லாந்தைப் பார்த்தவன் அந்த ஊசியிலைக் காட்டையும் அங்கே வாழ்ந்த மனிதர்களையும் சொல்லாமல் விட்டிருப்பானா?

மேற்கு வர்ஜீனியாவில் பாறைக் கீறல்களை ஐரிஷ் ஓகம் எழுத்து என்று 1980களில் சிலர் சொன்னார்கள். தொல்லியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகள் செதுக்கியதைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 891இல் மூன்று ஐரிஷ்காரர்கள் இரண்டரைத் தோலில் செய்த படகில், துடுப்பே இல்லாமல், ஏழு நாள் சாப்பாட்டோடு கடலில் இறங்கி இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் ஒதுங்கினார்கள். கடவுளுக்காகப் பரதேசம் போக வேண்டும், எங்கே என்பது பொருட்டில்லை என்றார்களாம். இங்கிலாந்தின் பழைய வரலாற்றுப் பதிவான ஆங்கிலோ-சாக்சன் காலக்குறிப்பில் மூவரின் பெயரும் பதிவாகியிருக்கிறது. தங்கம் தேடியும் போகவில்லை, நாடு பிடிக்கவும் போகவில்லை. அப்படிப்பட்டவர்கள் ஃபரோவையும் ஐஸ்லாந்தையும் தொட்டதே எவ்வளவு பெரிய விஷயம்! அதை விட்டுவிட்டு அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் நண்பரிடம் எனக்குள்ள ஒரே சண்டை.

கனடாக் கரையில் ஏதோ ஒரு ஏரிச்சேற்றிலிருந்து அந்தக் காலத்து ஆட்டின் தடயமோ ஒரு கருகிய பார்லி மணியோ வெளியே வந்தால், அன்றே இதே இடத்துக்கு வந்து வேறு வீடியோ எடுக்கிறேன். நாளைக்கு கிளேர் கவுண்டியில் க்ரகானோவன் போகிறேன். செவெரினின் படகை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். அந்த ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.