இரண்டு கார் இடத்தில் ஒரு திண்ணை

(குடியிருப்போர் நலச்சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, வார்டு வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, கட்டடக்கலைப் பேராசிரியர் ஐயா அவர்களே, காலையிலிருந்து பந்தி வேலை பார்க்கும் மகளிர் அணியினரே, அனைவருக்கும் வணக்கம்.

அடுக்குமாடி வீட்டில் மொட்டைமாடி, மாடிப்படி, தரைத்தளம் மூன்றையும் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். தரைத்தளத்தில் தொடங்குகிறேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஊர் கூடுவதற்கு முதலில் இடம் வேண்டுமே!

எங்கள் குடியிருப்பில் நான்காம் மாடிப் பெரியவர் ஒருவர் நள்ளிரவில் காலமானார். ஃப்ரீசர் பெட்டி வந்தது. லிஃப்டில் நுழையவில்லை, படிக்கட்டுத் திருப்பத்திலும் மாட்டிக்கொண்டது. சரி, கீழேயே கிடத்தலாம் என்றால் ஸ்டில்ட், அதாவது தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங், முழுக்கக் கார். ஒரு காரின் சொந்தக்காரர் வெளியூரில், சாவியும் அவரோடு. இன்னொருவர் பால்கனியிலிருந்து, "என் பார்க்கிங்ல வைக்காதீங்க சார், பிள்ளைங்க பயப்படும்" என்றார். கடைசியில் மின்சார மீட்டர்களுக்குக் கீழே, ஸ்கூட்டர்களை ஒதுக்கிக் கிடத்தினோம். விடிந்ததும் துக்கத்துக்கு வந்தவர்கள் வெயிலில் தெருவோரம் நின்றார்கள். எதிரே பழைய ஓட்டு வீடு. அந்த அம்மா திண்ணையைக் கூட்டிவிட்டு, "இங்க வந்து உக்காருங்கய்யா" என்று தண்ணீர்ச் சொம்போடு வந்தார். அவர் பெயர்கூட எங்களில் பலருக்குத் தெரியாது.

சிங்கப்பூரில் அரசு வீடமைப்புக் கழகம் 1960இல் தொடங்கியது. 1970களிலிருந்து அடுக்குமாடிகளின் தரைத்தளத்தை வீடின்றித் திறந்து விடுவதே அங்கே வழக்கமானது. மலாய்க்காரர் கல்யாணமும் சீனர் துக்கமும் அங்கேதான் நடக்கின்றன. நம் தமிழர்களும் நல்லது கெட்டதுக்கு அங்கேதான் கூடுகிறார்கள். வீடு என்னுடையது, கீழ்த்தளம் எல்லோருடையது. ஊர் கூடித் தேர் இழுக்கும் இடம் அது.

நம் மாநில விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில்தான் 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். ஒன்றிரண்டு கிரவுண்டில் எழும்பும் நம் குடியிருப்புகளை அந்த விதி தொடுவதே இல்லை. ஆகவே நாமேதான் செய்ய வேண்டும். கேட்டை ஒட்டி இரண்டு கார் அளவு இடம், முழங்கால் உயரத்தில் தெருவைப் பார்த்த கல் திண்ணை, ஒரு குழாய், ஒரு விளக்கு. தபால்காரரும் டெலிவரிப் பையன்களும் அதில் உட்காரட்டும்; யாரும் விரட்டக் கூடாது.

மொட்டைமாடியையும் மாடிப்படியையும் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். சிறிய குடியிருப்புகளிலும் இப்படி ஓர் இடம் வேண்டும் என்ற கோரிக்கையை மாமன்ற உறுப்பினர் அம்மா மன்றத்தில் எழுப்ப வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்க நாங்கள் தயார். திண்ணைத் தீர்மானம் வாசல் மேசையில் இருக்கிறது; சாப்பிடப் போகும்முன் பிளாட் எண்ணோடு கையெழுத்திட்டுச் செல்லுங்கள்.