கிளினிக்குக்கு வராதவர்களின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவத் தரக் குறியீடுகள் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஒரு கிளினிக்கின் நோயாளிகளில் எத்தனை சதவீதம் பேருக்கு உரிய வைத்தியம் போய்ச் சேர்கிறது, நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று அளந்து சொல்லும் எண்கள் இவை. இந்தப் பேச்சை எடுத்தாலே டாக்டர்கள் பலருக்கு முகம் சுருங்கும். படிவம், அறிக்கை, ஆய்வுக்கு வரும் அதிகாரி என்றுதான் அது அவர்களுக்கு அறிமுகம். நோயாளியிடம் பேச வேண்டிய நேரத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறதே என்ற வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நான் இந்தக் குறியீடுகளை மனதார ஆதரிப்பவன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு டாக்டரிடம் கேளுங்கள்: "உங்களிடம் ரத்த அழுத்தத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது?" "முக்கால்வாசிப் பேருக்கு இருக்கும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தினமும் எதிரே வந்து உட்கார்கிறவர்களை நினைத்துச் சொல்கிறார். வராதவர்கள் நினைவுக்கும் வருவதில்லை.

ஒரு கிளினிக்கில் ரத்த அழுத்த நோயாளிகள் 400 பேர் பதிவாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டில் பிரஷர் பார்த்துக் குறித்திருப்பது 280 பேருக்கு. அவர்களில் 210 பேருக்கு மேல் எண் 140-க்கும் கீழ் எண் 90-க்கும் குறைவு. 280-க்கு 210 என்றால் 75 சதவீதம். டாக்டர் சொன்ன முக்கால்வாசி சரிதான். தரக் குறியீடு அப்படி எண்ணாது. பின்னத்தின் கீழே நிற்கும் எண் அதற்கு 400. ஆண்டு முழுக்க அளவே எடுக்காதவரும் 'கட்டுக்குள் இல்லை' என்ற பக்கத்தில்தான் சேர்வார். 400-க்கு 210, அதாவது 52.5 சதவீதம். அமெரிக்காவில் புழங்கும் ரத்த அழுத்தக் குறியீடு இப்படித்தான் கணக்கிடுகிறது. சர்க்கரைக்கும் இதே முறை உண்டு. HbA1c என்ற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 9 சதவீதத்தைத் தாண்டினால் மோசம்; பரிசோதனையே செய்யாதவரும் அதே பட்டியலில் வருவார்.

"வராத நோயாளிக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்று டாக்டர்கள் கேட்பார்கள். பக்கவாதம், இவர் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தாரா என்று விசாரித்துவிட்டு வருவதில்லையே. மருந்து தேவைப்படுகிற ஒருவர் நம் பதிவேட்டில் இருக்கிறார், எட்டு மாதமாக ஆளைக் காணோம் என்றால், அதை யாராவது கவனித்தாக வேண்டும். குறியீடு நம்மைக் கவனிக்க வைக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

அந்த 400 பேரில் 120 பேர் வரவேயில்லை. 70 பேர் வந்தும் கட்டுக்குள் இல்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் தேவைப்படுவது வேறு வேறு.

வராதவர்களுக்கு வேண்டியது ஒரு போன். குறுஞ்செய்தி போதாது, ஆள் பேச வேண்டும். அந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அம்மா, கிளினிக்லேர்ந்து சிஸ்டர் பேசறேன். ரொம்ப நாளா உங்களைக் காணோமே, பிரஷர் மாத்திரை கையில இருக்கா?"

"இல்லம்மா, நிறுத்திட்டேன். அதைப் போட்டா ரெண்டு காலும் வீங்கிப்போகுது. சொன்னா டாக்டர் கோவிச்சுப்பாரோன்னு வரவேயில்ல."

அம்லோடிபின் என்ற மாத்திரைக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவு. எனலாப்ரில் வகை மாத்திரைகளில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இரண்டுக்கும் மாற்று மருந்து இருக்கிறது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்தியவர்கள், லீவு கிடைக்காதவர்கள், ஊர் மாறிப் போனவர்கள் என்று காரணங்கள் பல. "ஏன் வரலை?" என்று அதட்டினால் ஒரு காரணமும் வெளியே வராது. வாரத்தில் ஒரு மதியத்தை இந்த வேலைக்கென்றே ஒரு சிஸ்டருக்கு ஒதுக்குங்கள். மற்ற வேலைகளுக்கு நடுவே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

அடுத்து, வந்தும் கட்டுக்குள் இல்லாத அந்த 70 பேர். மருந்தைக் கூட்டுவதற்கு முன், அளந்த விதத்தைப் பார்க்க வேண்டும். படியேறி மூச்சு வாங்க வந்தவரை முதுகுக்குச் சாய்வு இல்லாத ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, கை தொங்க, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தால் 148 காட்டும். அதே மனிதரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் பட 5 நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் தாங்கலாக வைத்து, அவர் கைக்குப் பொருந்தும் பட்டையைத் தோலின் மேல் சுற்றி, இருவரும் பேசாமல் பாருங்கள். 136 வரலாம். குண்டான கைக்குச் சிறிய பட்டை போட்டால் இல்லாத பிரஷர் தெரியும். முதல் அளவு கூடுதலாக இருந்தால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். இன்னொன்று: பதிவேட்டில் 130, 140, 150 என்று பூஜ்யத்தில் முடிகிற எண்களாகவே நிறைந்திருந்தால், அங்கே யாரும் சரியாக அளக்கவில்லை.

ஒழுங்காக அளந்தும் கூடுதலாகவே இருந்தால், அன்றே மருந்தைப் பற்றி முடிவு எடுக்க வேண்டும். "அடுத்த தடவை பார்ப்போம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. டாக்டர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

பதிவு பற்றிச் சுருக்கமாக. சர்க்கரை நோயாளி கண் டாக்டரிடம் விழித்திரைப் பரிசோதனை செய்துகொண்டார், கடிதமும் வந்தது, ஃபைலில் கிடக்கிறது. கம்ப்யூட்டர் பதிவில் அதற்குரிய கட்டத்தில் ஏற்றாததால் கணக்கில் வரவில்லை. செய்த வேலை செய்யாததாகத் தெரியும். மறுபடி அதே பரிசோதனைக்கு அவரை அலையவிடுவோம்.

குறியீடுகளால் கெடுதலும் நடந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு இவற்றை ஆதரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனில் நோயாளி 48 மணி நேரத்துக்குள் குடும்ப டாக்டரைப் பார்க்க முடிய வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அந்த எண்ணை எட்டுவதற்காகப் பல கிளினிக்குகள் முன்கூட்டி நேரம் குறித்துக் கொடுப்பதையே நிறுத்தின. 2005 தேர்தல் சமயத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு பெண்மணி பிரதமர் டோனி பிளேரிடம் நேருக்கு நேர் இதைச் சொன்னபோது, அவருக்கே அது புதிய செய்தியாக இருந்தது. அமெரிக்காவில் நிமோனியா நோயாளிக்கு 4 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்ற குறியீடு இருந்தது. நோய் உறுதியாகும் முன்பே, நிமோனியா இல்லாதவர்களுக்கும் மருந்து ஏறியது. பிறகு அதை 6 மணி நேரமாக்கி, கடைசியில் கைவிட்டார்கள்.

அதனால்தான் சிலரைக் கணக்கிலிருந்து விலக்கி வைப்பதும் முக்கியம். எழுந்து நின்றாலே தலை சுற்றி விழுகிற தளர்ந்த முதியவரை 140-க்குக் கீழே கொண்டுவந்தே தீருவேன் என்று மாத்திரையைக் கூட்டினால் இடுப்பு எலும்புதான் முறியும். முற்றிய நோயில் வலி தணிக்கும் வைத்தியத்தில் இருப்பவருக்கும் இந்த எண் வேண்டியதில்லை. இப்படிப்பட்டவர்களைக் காரணம் எழுதி விலக்கலாம், விலக்க வேண்டும். போன் எடுக்காதவர்களையெல்லாம் விலக்குப் பட்டியலில் தள்ளிச் சதவீதத்தை உயர்த்துவது மோசடி.

பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். ஆபரேஷன் செய்தவரை ஓராண்டாவது தொடர்ந்து பார்த்து, குணமானாரா, இல்லையென்றால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். 1911 முதல் 1916 வரை தம் சிறிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 பேரின் முடிவுகளைத் தொகுத்து, 123 பிழைகள் நடந்ததாக அவரே அச்சிட்டு வெளியிட்டார். உடன் பணியாற்றியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எந்த அரசும் கேட்காத கணக்கு அது. அதைத் தாமாகவே கொடுத்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வைத்தியம் பார்த்துக்கொள்கிற நேயர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் மேல் எண், கீழ் எண் இரண்டையும் தேதியோடு குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். கருவியையும் ஒருமுறை எடுத்துப்போய் அவருடைய கருவியோடு ஒத்துப் பாருங்கள். மாத்திரையை நிறுத்தியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். போன் நம்பர் மாறினால் கிளினிக் கவுன்டரில் புது நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களைத் தேடுகிறவர்களிடம் இருப்பது அந்த நம்பர் ஒன்றுதான்.

நன்றி, வணக்கம்.