பிஸ்கட் டின்னில் இருந்த அழைப்பிதழ்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஓர் ஓவியர் இருக்கிறார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். கோயில் தேருக்கும் கடைப் பலகைக்கும் வண்ணம் தீட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரைப் பற்றி எழுத நினைத்து ஊரெல்லாம் விசாரித்தேன். பெரியவரைத் தொந்தரவு செய்வானேன் என்று அவரை மட்டும் கேட்கவில்லை. மூன்று வாரம் வீண்.

அப்புறம் ஒரு மாலை அவர் வீட்டுக்கே போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின் ஒன்றை இழுத்தார். உள்ளே, கோலாலம்பூரில் நடந்த கூட்டுக் கண்காட்சியின் அழைப்பிதழ். 'மார்ச் 14, சனிக்கிழமை' என்றிருந்தது, வருடம் இல்லை.

"எண்பதோ தொண்ணூறோ, சரியா ஞாபகமில்லைம்மா" என்றார்.

அந்த இருபது வருடத்தில் மார்ச் 14 சனிக்கிழமையாக வந்தது 1981, 1987, 1992, 1998. அழைப்பிதழில் இருந்த இடம் மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துத் தேசியக் கலைக்கூடம். கலைக்கூடம் அங்கே போனது 1984-இல். 1998-இல் ஜாலான் துன் ரசாக்குக்கு மாறிவிட்டது; ஆனால் அந்த மார்ச்சில் இன்னும் பழைய இடத்திலேயே இருந்திருக்கலாம். ஆக 1981 கழிந்தது, மூன்று மீதி.

"அம்மாவும் வந்திருந்தாங்களா ஐயா?"

"அவ எப்படி வருவா? மூத்தவ பிறந்து இருபது நாள்தானே!"

மகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். பிப்ரவரி 1992.

அந்தப் பத்திரத்தில் இன்னொன்றும் கிடைத்தது. அவர் பெயரின் ரோமன் எழுத்துகள் அழைப்பிதழில் இருந்ததுபோல் இல்லை. அந்தக் காலத்துக் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், காதில் விழுந்தபடி எழுதியதுதான் ஐசி என்கிற அடையாள அட்டையில் நிலைத்துவிட்டதாம். ஓவியத்தில் போடும் கையெழுத்து வேறு. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அச்சாகும் வெளியீடுகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். கண்காட்சிக் கையேட்டை அங்கே தேடுகிறவர்கள் தயவுசெய்து எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். ஒன்றோடு நிறுத்தினால் அவருடைய பாதி உழைப்பு கண்ணில் படாது.

எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கடன்பட்ட கதை ஒன்றை வேண்டாம் என்றார். சரி என்று எடுத்துவிட்டேன்.

கிளம்பும்போதுதான் சுவரில் இருந்த லயத்து ஓவியத்தைக் கவனித்தேன். வாசல்களில் பதினைந்து பேர். "இது மண்டோர், அதான் கங்காணி, வீட்டுப் பாட்டி. பால் வாளியோட நிக்கிறது என் அக்கா" என்று ஒவ்வொரு வாசலாக விரலை நகர்த்தினார். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. எட்டுப் பேரின் பெயரைக் குறித்துக்கொண்டேன். மீதி ஏழு பேரைக் கேட்க வரும் சனிக்கிழமை போகிறேன்.