படைவீரர்கள் எல்லைச் சாவடிக்கு வரும் வழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க எல்லைக் காவல் என்றதும் பாலைவனத்தில் ரோந்து சுற்றும் பச்சைச் சீருடையினரே நினைவுக்கு வருவார்கள். இன்று நான் பேசவிருக்கும், படையிலிருந்து விலகுவோரை எல்லைச் சாவடிப் பணிக்கு ஈர்க்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டமோ (Border Jobs for Veterans Act), விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் நில எல்லைச் சாவடிகளிலும் கடவுச்சீட்டையும் சரக்கையும் சோதிக்கும் நீலச் சீருடை அலுவலர்களைப் பற்றியது.

இத்தகைய அலுவலர் 2,000 பேரைக் கூடுதலாக நியமிப்பதற்கு 2014ஆம் நிதியாண்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்கியது. ஆயினும் அந்த இடங்கள் உரிய காலத்தில் நிரம்பவில்லை. மெக்சிகோவில் விளையும் தக்காளியும் வெள்ளரியும் குளிர்காலம் முழுவதும் அரிசோனாவின் நோகாலஸ் சாவடி வழியாகத்தான் பெருமளவில் வருகின்றன என்பதால், அங்கு ஆள் குறைந்தால் லாரிகள் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். எனவே, விமானப்படையில் கர்னலாக இருந்து ஓய்வுபெற்ற அரிசோனா உறுப்பினர் மார்த்தா மெக்சாலி கீழவையிலும், அதே மாநிலத்தின் ஜெஃப் ஃப்ளேக் மேலவையான செனட்டிலும் இம்மசோதாவைக் கொண்டுவந்ததில் வியப்பில்லை. 2015 அக்டோபரில் ஒபாமா அதில் கையெழுத்திட்டார்.

இச்சட்டம் இடஒதுக்கீடு எதையும் தரவில்லை. முன்னாள் படைவீரருக்கு ஏற்கெனவே உள்ள முன்னுரிமைகளையும் மாற்றவில்லை. படையிலிருந்து விலகவிருப்போரை முகாம்களிலேயே தேடிச் சென்று சேர்க்கவும், எந்தெந்தப் படைப்பணிகளின் அனுபவம் சாவடி வேலைக்குப் பொருந்தும் என வகைப்படுத்தவும், அவர்களது நியமனத்தை விரைவுபடுத்தவும், இவை குறித்து காங்கிரசுக்கு அறிக்கை அளிக்கவும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைப் பணித்தது. இவற்றுள் வகைப்படுத்தும் பணியே சாரமானது என்பேன். துப்பாக்கிப் பயிற்சி மட்டும் பெற்றவரைவிட, தளவாடக் கிடங்கின் கணக்கைப் பார்த்தவர் சரக்குச் சோதனைக்குக் கூடுதலாகப் பயன்படுவார்.

ஆனால் உண்மையான தடை வேறிடத்தில் இருந்தது. எல்லைப் பணியில் ஊழல் பெருகுகிறது என்ற கவலையால் இயற்றப்பட்ட 2010ஆம் ஆண்டுச் சட்டம், விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் பொய்யைக் கண்டறியும் பாலிகிராஃப் சோதனையில் தேற வேண்டும் என்றது. அதற்கு உட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தேறவில்லை. போர்க்களம் கண்டவரும் இதற்கு விதிவிலக்கல்லர். 2016 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் செலவினச் சட்டம்தான் முன்னாள் படைவீரருக்கு விலக்கு அளிக்க வழிவகுத்தது. அதுவும் இரகசியத் தகவல்களைக் கையாள்வதற்கான மிக உயர்ந்த நிலை அனுமதியை நடப்பில் வைத்திருப்போருக்கு மட்டுமே உரியது என்பதால், அத்தகைய அனுமதி தேவைப்படாத சாதாரணக் காலாட்படை வீரருக்கு அந்த வழி திறக்கவில்லை.